பத்தாம் நம்பர் வீட்டுக்குச் சான்றிதழ்

“பேய் இல்லைன்னு நீங்க சொன்னா ஆகாதுங்க சுடலைமணி. அதுக்குன்னு படிச்சவங்க சொல்லணும்,” என்றார் வெல்பேர் ஆபீசர் நபீசா மேடம்.

சுடலைமணி தன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. நாற்பது வயதுக்கு மேல் முதியோர் கல்வி வகுப்பில் கற்ற எழுத்து. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் ஆட்கள் மாதிரி ஒவ்வொரு எழுத்தும் ஒன்றையொன்று தொடாமல் நின்றது.

அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. மூங்கில்கொல்லி எஸ்டேட்டில் அவருடையது ஒன்பதாம் நம்பர் லைன் வீடு, சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டியதில் ஒன்று. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. மகன் செல்லதுரைக்குக் கல்யாணமானதும் அறையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, மனைவி வீரம்மா சமையல்கட்டில் படுக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் ஆகிறது. சுடலைமணிக்கு ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். எல்லாரும் வேலைக்குப் போன பிறகு பகலில் வந்து தூங்குவார். இப்போது மருமகள் மரகதத்துக்கு ஏழு மாதம். நெல்லியாளத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். பிள்ளையோடு வந்தால் இருக்கத் தனி வீடு வேண்டும், இல்லையென்றால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடுவேன் என்று செல்லதுரை சொல்லிவிட்டான். திருப்பூருக்குப் போன பிள்ளைகள் பொங்கலுக்குத்தான் வருவார்கள். சில பேர் அதற்கும் வருவதில்லை. பேரனோ பேத்தியோ, போனில் பார்த்தே வளர்ந்துவிடும்.

இத்தனைக்கும் வீடு இல்லாமல் இல்லை. சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் நம்பர் பூட்டியே கிடக்கிறது. வெயில் விழுகிற வீடு. வாசலிலேயே குழாய். செல்லதுரைக்குக் கல்யாணமான அடுத்த மாதம், அங்கே குடியிருந்த முனியசாமி, ராத்திரியானால் யாரோ தகர டின்னில் கூழாங்கல் உருட்டுகிறார்கள், ஆளைக் காணோம் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியையும் ஆட்டையும் கூட்டிக்கொண்டு ஆற்றோரக் கீழ் லைனுக்கு ஓடிவிட்டார். அதன் பிறகு வந்த மூன்று குடும்பமும் ஒரு வாரம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டிலேயே இருந்தும் சுடலைமணி ஒரு நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

போன மாதம் செல்லதுரைக்கு வேலை நிரந்தரமானது. நிரந்தர ஆளுக்குத்தான் தனி வீடு. உத்தரவு கைக்கு வருவதற்கு முன்பே சுடலைமணி அதை டீக்கடை முழுக்கச் சொல்லி, அது ஆபீஸ் வரைக்கும் போய், உத்தரவே ஒரு வாரம் தள்ளிப்போனது. அன்றைக்கு வீரம்மா, “உங்க வாயில ஒரு விசயம் ஒரு மணி நேரம் நிக்காதுங்களே,” என்று ஒரே ஒரு தரம் சொன்னாள்.

இப்போது இந்தப் பேய். இந்த வருஷம் கம்பெனி ஏதோ வெளிநாட்டுத் தர முத்திரை வாங்கியிருக்கிறது. அதற்கு ஆடிட் உண்டு. தீராத புகார் உள்ள வீட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாதாம். புகாரைத் தீர்ப்பவர் அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டுமாம். மருந்தடிக்கிறவருக்குச் சான்றிதழ், பாய்லர்காரருக்குச் சான்றிதழ். பாம்பு பிடிக்க வந்தவரிடம் சான்றிதழ் கேட்டு, அவர் அதைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் பாம்பு தானாகப் போய்விட்டது.

“பேயை மட்டும் அப்படியே விட்டா ஆடிட்டர் என்னையத்தான் கேப்பாருங்க,” என்றார் நபீசா மேடம். அவரும் சலித்துப்போயிருந்தார். அவர் மேசையில் இருந்த பதிவேட்டில், “புகார் எண் நாற்பத்தேழு: பேய்” என்று இருந்தது. ‘தீர்த்தவர் தகுதி’ என்ற கட்டம் காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீரம்மா கையில் இருந்த அரிசி முறத்தைக் கீழே வைத்தாள்.

“தகுதி கிகுதின்னு ஆரையும் கூட்டியாந்தறாதீங்க. பேய் இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம்னு எழுதிக் குடுங்க. ஊட்டைக் குடுத்தாப் போதும்.”

நல்ல யோசனை என்று நினைத்து சுடலைமணி அப்படியே எழுதிக் கொடுத்தார். மேடம் அதைப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “பேய் இருந்தாலும்” என்று பக்கத்து வீட்டுக்காரரே எழுத்தில் கொடுத்தது இரண்டாவது சாட்சியாகிவிட்டது. நாற்பத்தேழு இப்போது நாற்பத்தேழு ஏ, நாற்பத்தேழு பி என்று இரண்டானது.

வீரம்மா அதற்கும் கோபப்படவில்லை. மேடத்துக்கு மாற்றல் வரப்போகிறதாம், அடுத்து வருகிறவர் இத்தனை பார்க்க மாட்டார், ரெண்டு மாதம் பொறுங்கள் என்றாள்.

“அதுவரைக்கும் அந்த ஊடு இருக்குமா?”

“இருக்குமுங்க. பேய் எங்கயும் போயறாது.”

“போகோணும்னுதானே புள்ள நான் நாயா அலையறேன்,” என்று சுடலைமணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

போனது மூக்கனிடம். மூக்கன் முனீஸ்வரன் கோயில் பூசாரி, பகலில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற ஆள். முப்பது வருஷமாக எஸ்டேட் பேய்களையெல்லாம் அவர்தான் கவனித்துக்கொள்கிறார். வேப்பிலை மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். அவசரத்துக்கு சில்வர் ஓக் தழையை வைத்தே அடிப்பார். பேய்க்கு வித்தியாசம் தெரிவதில்லை என்பது அவர் அனுபவம்.

பத்தாம் நம்பர் வாசலில் ஒரு மணி நேரம் சூடம் கொளுத்தி, தழையால் சுவரை அடித்து, காவலுக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்து, பேய் போய்விட்டது என்று சொன்னார். சுடலைமணி அவரைக் கையோடு ஆபீசுக்கு அழைத்துப்போனார். மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சான்றிதழ் எண் என்ன என்று கேட்டார்.

மூக்கன் திருப்பிக் கேட்டார்:

“ஏனுங்கம்மா, அந்தப் பேய் மட்டும் சர்ட்டிபிகேட் வாங்கிட்டா வந்துது?”

அது நியாயமான கேள்விதான். ஆனால் அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை. மூக்கன் விறுவிறுவென்று லைனுக்குத் திரும்பிப்போய், பத்தாம் நம்பர் வாசலில் வைத்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

“ஓட்டுன பேயைத் திரும்ப உள்ளயே உட்டுட்டேன். தொணைக்கு இன்னொண்ணும் உட்டுருக்கேன். படிச்சவனை வெச்சுப் பாத்துக்கங்க,” என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் முதல் பத்தாம் நம்பர் குழாய்க்கு யாரும் வரவில்லை. அத்தனை குடமும் ஒன்பதாம் நம்பர் குழாய்க்கு வந்தது. பயிற்சி இல்லாத ஆளை வைத்து லைன் வீட்டில் நெருப்பு மூட்டியதற்காகச் சுடலைமணிக்கு மெமோ வந்தது. நெல்லியாளத்திலிருந்து சம்பந்தியம்மா போன் செய்து, ஒரு பேய்க்கே யோசித்தேன், ரெண்டு பேய்க்கு ஒரு சுவர் தள்ளி என் மகளையும் பச்சைக் குழந்தையையும் அனுப்ப மாட்டேன் என்றார். செல்லதுரை திருப்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று டீக்கடையில் விசாரித்ததாகச் செய்தி வந்தது.

“சும்மா இருங்கன்னேன்,” என்றாள் வீரம்மா.

சும்மா இருக்கிற ஆளா அவர். மகனிடமே போனைக் கொடுத்து, பேய் பார்ப்பதற்கென்றே படித்த ஆள் இந்த நீலகிரியில் இருக்கிறானா என்று தேடச் சொன்னார். இருந்தான். குன்னூரில் செல்போன் பழுது பார்க்கும் லூயிஸ். போனிலேயே மூன்று மாதம் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன். சம்பளம் வேண்டாம், அடுத்த பரீட்சைக்குக் கணக்குக் காட்ட எஸ்டேட் தாளில் விசாரணை நடந்ததாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றான்.

மூன்று நாள் கழித்துக் கழுத்தில் அட்டையும் தோளில் பையுமாக வந்தான். மேடம் அவன் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தங்க நிறத்தில் வட்ட முத்திரை இருந்தது. அவர் முகம் தெளிந்தது. வெளியாள் என்பதால் தலையில் ஹெல்மெட் போட்டுத்தான் அனுப்பினார்.

ராத்திரிதானே பார்க்க வேண்டும் என்று சுடலைமணி கேட்டதற்கு, “பேய்க்கு ராத்திரி பகல் எல்லாம் கிடையாதுண்ணே. எனக்குத்தான் நாலரைக்குக் கடைசி பஸ்,” என்றான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பத்தாம் நம்பரைத் திறந்தார்கள். லூயிஸ் பையிலிருந்து விளக்கு எரிகிற மூன்று சின்னப் பெட்டிகளை எடுத்துத் தரை, கதவு, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். எந்தப் பெட்டியும் சத்தம் போடவில்லை. சமையல்கட்டுச் சுவர்ப் பக்கம் போனதும் ஒரு பெட்டி கீச்கீச்சென்றது. அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான். சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. லைன் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் நான்கு வீட்டில் சோறு இறங்கும். லூயிஸ் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியையே பார்த்தான்.

“சத்தம் இந்த வீட்டுல பொறக்கலைண்ணே. அந்தப் பக்கமிருந்து வருது. ஒம்பதாம் நம்பரைப் பாக்கணும்.”

ஒன்பதாம் நம்பர் வாசலில் வீரம்மா ஈர விளக்குமாற்றோடு நின்றாள். அன்றைக்கு இலை பறிக்கப் போகாமல் லீவு போட்டிருந்தாள். அடுப்பில் பால் இருக்கிறது, வெளியாள் உள்ளே வரக் கூடாது என்றாள். பால் எவ்வளவு நேரம் காயும் என்று லூயிஸ் மரியாதையாகக் கேட்டான். நாலரை வரைக்கும் காயும் என்றாள். இந்த மாதிரி ஆளைத் தாண்டிப்போவது எப்படி என்று அந்த மூன்று மாதப் படிப்பில் சொல்லித்தரவில்லை.

சுடலைமணிக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நம்பரிலிருந்து சத்தம் என்று எழுதினால் அந்த வீட்டுக்கும் ஒரு புகார் எண் விழும். இருக்கிற வீட்டையும் பூட்டிவிடுவார்கள். லூயிஸைக் கொய்யா மரத்தடிக்குக் கூட்டிப்போய், ஒன்பதை விட்டுவிடு, பத்தில் பேய் இல்லை என்று மட்டும் எழுது என்று கெஞ்சினார்.

லூயிஸ் தயங்கினான். பேய் இருக்கிறது என்று வந்தால் அடுத்த பரீட்சைக்கு அது இரண்டு கேஸாகக் கணக்காகும். இல்லையென்று வந்தால் ஒன்றுதான்.

“தம்பி, பொறக்கப்போற கொழந்தை ஒண்ணு இந்த ஊட்டுக்காகக் காத்துட்டிருக்குது,” என்றார் சுடலைமணி.

லூயிஸ் நல்ல பையன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் கவிழ்த்து, அதன் மேல் தாளை வைத்து எழுதினான்: பத்தாம் நம்பர் வீட்டில் பேய் இல்லை. முன்பும் இருந்ததில்லை. இனி வரவும் வாய்ப்பில்லை. கீழே முத்திரை குத்தினான்.

சுடலைமணி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். மேடம் காலிக் கட்டத்தை நிரப்பிப் புகாரை மூடினார். வீடு வந்து சொன்னபோது வீரம்மா, “எழுத்துலயே குடுத்துட்டாங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அரிசியைப் புடைக்கவில்லை. சந்தோஷத்தில் கை வேலை ஓடவில்லை என்று சுடலைமணி நினைத்தார்.

மறுநாள் காலை சான்றிதழின் நகலை ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். சாயங்காலத்துக்குள் பத்தாம் நம்பரைக் கேட்டுப் பதினோரு மனு வந்தது. வெயில் விழுகிற வீடு, வாசலில் குழாய், பேயும் இல்லை. யார்தான் கேட்க மாட்டார்கள். ஒரு மாதம் முன்பு நிரந்தரமான செல்லதுரை சர்வீஸ் வரிசையில் பன்னிரண்டாவது. முதல் ஆள், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், பழையபடி முனியசாமி.

“இதென்னங்க மேடம் நியாயம்? ரெண்டு வருசமா ஆரும் நெலச்சுத் தங்காத ஊடுங்க,” என்றார் சுடலைமணி.

“அப்பப் புகார் இருந்துதுங்க. இப்ப இல்லை. நீங்கதானே அலைஞ்சு சான்றிதழ் வாங்கிக் குடுத்தீங்க,” என்றார் மேடம். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முனியசாமி கட்டில், பாத்திரம், மனைவி, ஆடு என்று வரிசையாகக் குடி வந்தார். திங்கட்கிழமை காலை சுடலைமணி ஷிப்ட் முடிந்து வரும்போது, முனியசாமி ஆபீஸ் பக்கமிருந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் தூக்கம் கெட்ட களைப்பே இல்லை.

ராத்திரி மறுபடியும் அதே சத்தம் கேட்டதாம். விடிந்ததும் ஆபீசுக்கு ஓடியிருக்கிறார். மேடம் பலகையைக் காட்டி, லூயிஸ் மூன்று மாதம் படித்து எழுதியிருக்கிறார், சத்தம் இருக்கிறது என்று சொல்ல நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். முனியசாமி மூன்றாம் வகுப்பு.

“படிச்சவங்களே இல்லைன்னுட்டாங்க, அப்பறம் எனக்கென்ன பயம்? இனிக் காதுல பஞ்சை வெச்சுட்டுத் தூங்கிக்குவேன். ரெண்டு வருசம் கீழ் லைன்ல சும்மா அட்டைக்கடி பட்டதுதான் மிச்சம்,” என்று முனியசாமி சிரித்துக்கொண்டே ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்.

உள்ளே செல்லதுரை பையைக் கட்டிக்கொண்டிருந்தான். பத்து மணிக்குக் கூடலூர் பஸ், அங்கிருந்து திருப்பூர். சுடலைமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். இத்தனை நாள் நடந்ததில் தான் எங்கே தப்பு செய்தோம் என்று அவருக்குப் புரியவில்லை. மனு எழுதினார், ஆள் கூட்டி வந்தார், சான்றிதழ் வாங்கினார். எல்லாம் சட்டப்படிதான்.

சமையல்கட்டிலிருந்து வீரம்மா வந்தாள். கையில் துருப்பிடித்த பழைய பால்பவுடர் டின் ஒன்று இருந்தது. அவள் நடக்க நடக்க அதற்குள் கூழாங்கற்கள் கடகடவென்று உருண்டன. அதை அவர் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“செல்லதுரைக்கு வேலை நெரந்தரமாகற வரைக்கும் அந்த ஊட்டுக்கு வேற ஆரும் வந்தறக் கூடாதுன்னு ரெண்டு வருசம் உருட்டுனனுங்க. இனி உருட்டிப் பிரயோசனமில்லை, எனக்குத்தான் சர்ட்டிபிகேட் இல்லையே.”