முள்ளுக்கரண்டியும் எதிர்க்கட்சியும்

இலங்கை முழுவதிலும், கவர்னர் மாளிகை உட்பட, எங்கள் எதிர்க்கட்சியைப் போல் இன்னொரு மனிதர் இருந்ததில்லை. இருந்திருந்தால் வெள்ளைக்காரன் எப்போதோ கப்பல் ஏறியிருப்பான்.

எதிர்க்கட்சி என்பது நாங்கள் வைத்த பெயர். பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கடைசி வருஷம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு மாணவர் விடுதியில் இருந்தார். நாடே சுயராச்சியம் கேட்டபோது அவர் அரசருக்காகப் பேசினார். அரச விசுவாசியான ஒரு பிரமுகர் விடுதி விருந்துக்கு வந்தபோதோ, சூப் ஆறுவதற்குள் சுதந்திரம் வேண்டும் என்றார். மழை வரும் என்று யாராவது சொன்னால் குடையை வைத்துவிட்டுப் போய் நனைந்து வருவார். ஆகவே விடுதிச் சங்கத்தில் அவர் எதைப் பிரேரித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தோற்கடிப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

ஞாயிறு மதியம் கழுத்துப்பட்டி கட்டி, சோற்றை முள்ளுக்கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். லண்டனில் படித்துவிட்டு வந்த வார்டன் போட்ட சட்டம் அது. கையால் சாப்பிட எல்லாருக்கும் ஆசை. வார்டன் முன்னால் பயம். எதிர்க்கட்சி மட்டும் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார். ஒருநாள் வார்டன் மேசைக்கே வந்தார்.

"ஐசே, இனி உம்மட கை சோத்தில பட்டால் பெட்டியைக் கட்டும்."

பல்கலைக்கழகச் சோதனை நெருங்கியிருந்தது. கொழும்பில் அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை. சங்கத்தின் முடிவுக்கு விடும்படி கேட்டார். சங்கம் சொல்வதே சட்டம் என்று வார்டன் சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார். எதிர்க்கட்சி ஒருமுறைகூட வென்றதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

கூட்டத்தில் எதிர்க்கட்சி எழுந்தார்.

"இந்த விடுதியில எல்லாரும் எண்டைக்கும் முள்ளுக்கரண்டியாலதான் சாப்பிடவேணும் எண்டு பிரேரிக்கிறன்."

வார்டனின் முகம் மலர்ந்தது. எதிர்ப்பவர்கள் யார் என்று தலைவர் கேட்டு முடிக்கவில்லை, மண்டபம் முழுக்கக் கைகள். பழக்க தோஷத்தில் வார்டனின் கையும் பாதி எழும்பி இறங்கிற்று.

"தோத்துப்போனன்," என்று பரம திருப்தியோடு உட்கார்ந்தார் எதிர்க்கட்சி.

அப்போதுதான் நாங்கள் என்ன செய்தோம் என்பது எங்களுக்கே விளங்கியது. கொழும்பின் பெருந்தெருவான காலி வீதி வரை அவரைத் தோளில் தூக்கிப் போனோம். இறக்கிவிடச் சொல்லி வழி முழுக்க எதிர்த்தார்.

அடுத்த ஞாயிறு சமையற்காரர் நண்டுக் கறி வைத்தார். விடுதியே முழங்கை வரை குழம்பில் இறங்கியது. எதிர்க்கட்சி ஒருவர் மட்டும் கழுத்துப்பட்டியோடு வந்து முள்ளுக்கரண்டியைக் கேட்டு வாங்கினார்.

"அண்ணை, வெண்டது நீங்கள்தானே?" என்றேன்.

"எல்லாரும் ஒரு பக்கம் நிண்டால், மற்றப் பக்கம் ஆர் நிக்கிறது?"

நண்டுக்கால் கரண்டிக்கு வழுக்கி மேசை முழுக்க ஓடியது. மனிதர் அசரவில்லை. நான் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நண்டை உடைத்து உடைத்து அவர் தட்டில் வைத்தேன்.

அதை மட்டும் அவர் எதிர்க்கவில்லை.