ஃபோர்வீல் ராவுத்தரும் இரண்டு டேக்சா பிரியாணியும்

நல்ல ரோட்டைக் கண்டால் முகம் வாடிப்போகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திண்டுக்கல் பேகம்பூரில், எங்கள் தெருவில், எனக்கு எதிர் வரிசையில் குடியிருக்கிறார். ரோடு சரியில்லை என்று ஊரே மனு கொடுத்து அலைந்து, ஒருவழியாகத் தார் போட வந்தபோது, "நல்லாத்தானேய்யா இருந்துச்சு, ஏன் கெடுக்குறீக?" என்று ரோடு ரோலரை மறித்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஃபோர்வீல் ராவுத்தர்.

தொழில் கல்யாண பிரியாணி. அண்டாவுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் டேக்சாவில் சீரகச் சம்பா அரிசியைத் தம் போட்டு இறக்கினாரென்றால், அழைப்பிதழ் கிடைக்காதவர்களும் வந்து மொய் எழுதுவார்கள். சமையலில் அவ்வளவு நிதானமான மனிதருக்குள் இப்படி ஒரு பூகம்பம் இருக்கும் என்று ஜீப் வாங்குகிறவரை யாருக்கும் தெரியாது.

வாங்கப் போன அன்று துணைக்கு நானும் போயிருந்தேன். சித்திரை மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கவில்லை. ஷோரூம் பையன் டை கட்டிக்கொண்டு வியர்த்தபடி நின்றான்.

"சார், இது பேஸ் மாடல். இதுல டச் ஸ்கிரீன் வராது."

"வேணாம்."

"பவர் விண்டோ வராது சார். கையாலதான் சுத்தணும்."

"கை இருக்கு. நாலு சக்கரமும் சேந்து இழுக்குற ஃபோர்வீல் வருமா?"

"அது வரும் சார்."

"அப்ப மத்ததெல்லாம் பின்னாடி தன்னால வரும்."

வந்தது. வைகாசியில் டயர் வந்தது. ஒவ்வொன்றும் பலாப்பழத் தோல் மாதிரி முள்முள்ளாக, தெருவில் உருண்டால் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும். ஆனியில் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தினார். அதற்குப் பிறகு அவர் மனைவி ஏறுவதற்கு அடுப்படி முக்காலி தேவைப்பட்டது. நத்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு முக்காலியை அங்கேயே மறந்துவிட்டு வந்தார்கள். வீட்டு வாசலில் இறங்க வழியில்லாமல், அக்கா வண்டியில் இருந்தபடியே தள்ளுவண்டிக்காரரிடம் கத்திரிக்காய் பேரம் பேசியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

ஆடியில் துதிக்கை. எஞ்சின் தண்ணீரில் மூழ்கினாலும் மூச்சு விடுவதற்கு, பானட்டின் ஓரத்திலிருந்து கூரைவரை ஏறும் ஒரு கறுப்புக் குழாய். திண்டுக்கல்லில் குடிதண்ணீரே குழாயில் வராத நாட்கள் அவை. பால்காரர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாய், உள்ளேயே அடுப்பு வச்சுட்டீகளா?" என்று கேட்டார். கூரைமேல் வரிசையாக விளக்குகள் பொருத்திய அன்று, பொழுது சாய்ந்த நேரத்தில் எதிர்வீட்டுச் சேவல் கூவியது. ஆவணியில் முன் பம்பரில் விஞ்ச் வந்தது. சேற்றில் மாட்டினால் ஒரு மரத்தில் இரும்புக் கயிற்றைக் கட்டி, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் யந்திரம் அது.

எல்லாம் வந்தும் ஒன்று மட்டும் வரவில்லை. அது என்ன என்பதை, வறண்ட ஆற்று மணலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்ற, மற்றச் சக்கரங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மாலையில் எனக்கு விளக்கினார்.

"டிஃபரன்ஷியல்னு ஒண்ணு இருக்கு மச்சான். அது ஓரவஞ்சன புடிச்ச சப்ளையர். எந்தச் சக்கரம் தரையில ஒட்டாம சும்மா நிக்குதோ, அதுக்கே அம்புட்டு பிரியாணியையும் வச்சுருவான். பாரத்தைத் தூக்குற சக்கரத்துக்கு எல வெறும் எலதான். இவனப் புடிச்சுக் கட்டிப்போட ஒரு லாக் இருக்கு. அது மேல் மாடல் சமாச்சாரம்."

"அது இல்லாம என்ன செய்வீக மச்சான்?"

"எறங்கித் தள்ளுவோம்."

தள்ளினோம்.

இனி ஐப்பசிக்கு வருகிறேன். தீபாவளி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. கன்னிவாடி மலைப்பக்கம் கறுத்தால் எங்களுக்கு மழை என்பார்கள்; அந்த வாரம் எல்லாப் பக்கமும் கறுத்திருந்தது. குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், முருகேசன் என்ற முருங்கை விவசாயி தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, மறுநாள் சம்பந்தி வீட்டாருக்குக் கறி விருந்து வைத்திருந்தார். ராவுத்தர் அங்கேயே போய்ச் சமைப்பதாக ஏற்பாடு. காலையில் முருகேசனின் போன் வந்தது. ராவுத்தர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், அடுப்பு வெட்டுன எடம் கொளமாக் கெடக்கு. வெறகெல்லாம் நனஞ்சுபோச்சு. அங்கனயே ஆக்கிக் கொண்டாந்தாத்தான் உண்டு. ஆனா ஓடையில தண்ணி போகுது, தரப்பாலத்த அரிச்சுருச்சு, வேன் வராது. ராகு காலத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளைய அனுப்பணும். கறிச்சோறு போடாம அனுப்புனா நான் ஆயுசுக்கும் தல நிமிர முடியாது பாய். மாப்பிள்ளையோட தாய்மாமன் ஒருத்தரு வந்திருக்காரு. காப்பியில இருந்து கொற சொல்லிக்கிட்டே இருக்காரு."

"தண்ணி எம்புட்டு ஆழம்?"

"தொட வரைக்கும் பாய்."

"சேறு?"

"முழங்கால் போகுது."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ராவுத்தர். பெருநாள் பிறையைப் பார்த்தவர் முகம் அது.

தெருவிலேயே கொட்டகைக்கடியில் இரண்டு டேக்சா ஏறியது. தம் போட்டு, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, தணலை மட்டும் வழித்துவிட்டு, பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் வைக்கோல் பரப்பி இறக்கினோம். நடுவில் நான். ஒரு கை ஒரு டேக்சாவின் மேல், இன்னொரு கை இன்னொன்றின் மேல்.

"தம்மு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு மச்சான். குலுங்குச்சுன்னா சோறு ஒடஞ்சு கஞ்சியாயிரும். பிள்ளையப் புடிச்ச மாதிரி புடிச்சுக்கங்க."

எரியோடு தாண்டும்வரை தார்ச்சாலையில் அவர் ஓட்டிய அழகைப் பார்த்துப் பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்தார். மண்பாதை வந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டயர்களில் காற்றைக் குறைத்தார். சேற்றில் அகலமாகப் படியுமாம். ஓடை தெரிந்தது. செம்மண் கலந்த தண்ணீர், தேங்காய் மட்டையும் வாழைத்தாருமாக உருண்டு போனது. அக்கரையில் ஊரே நின்றது. முருகேசன் தலையில் துண்டோடு, சாமி வரும் வழியைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கினோம். தண்ணீர் அலையாக எழும்பிப் பானட்டின் மேல் ஏறியது. துதிக்கை மூச்சு விட்டது! ஆடியிலிருந்து ஊர் சிரித்த அந்தக் குழாய், குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது. "பாத்தீகளா மச்சான், பாத்தீகளா!" என்று ராவுத்தர் கூவினார். நான் பார்க்கவில்லை. என் கால் தண்ணீரில் இருந்தது. கண் டேக்சா மூடியில் இருந்தது.

அக்கரையை ஏறும் இடத்தில்தான் வினை. பின்பக்கம் ஒரு சக்கரம் குழியில் இறங்க, பின்பக்கத்து மற்றச் சக்கரமும் முன்பக்கம் ஒரு சக்கரமும் அந்தரத்தில் கிளம்பின. வண்டி நின்றுவிட்டது. சும்மா இருந்த சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி முருகேசனின் புது வேட்டியில் இறைத்தன.

"விஞ்ச்!" என்று கத்தியபடி ராவுத்தர் குதித்தார். இரும்புக் கயிற்றை இழுத்துக்கொண்டு கரையேறினார். கரையில் இருந்ததெல்லாம் முருங்கைத் தோப்பு. அவருக்கு முருங்கையைக் காயாகத்தான் தெரியும், மரமாகத் தெரியாது.

"பாய், முருங்கையிலயா கட்டுறீக?" என்று முருகேசன் பதறினார்.

"ஏன்? கயிறு இரும்பு, விஞ்ச் இரும்பு, ஜீப்பு இரும்பு. இதுல எது ஒடியும்?"

"மரம்!"

பொத்தானை அமுக்கினார். ஜீப் மரத்தை நோக்கி வரவில்லை. மரம் ஜீப்பை நோக்கி வந்தது. பூவும் பிஞ்சும் காயுமாகப் பானட்டின்மேல் வந்து படுத்துக்கொண்டது. விவசாயி மரத்துக்கு அழுவாரென்று நினைத்தேன். முருகேசனோ வானத்தைப் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார், "போகட்டும் பாய்! அடுத்த மரத்துல கட்டுங்க!" என்றார்.

அடுத்ததும் வந்தது. மூன்றாவதற்கு ராவுத்தருக்கே மனம் வரவில்லை. மழைத்தண்ணீரா வேர்வையா தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டேக்சாவில் காதை வைத்துக் கேட்டார். "தம்மு முடிஞ்சிருச்சு மச்சான். இன்னும் செத்த நேரம் போனா சோறு கொழஞ்சுரும்."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்னால் வந்தார். பட்டு வேட்டி, தங்க மோதிரம், இரண்டு ஆள் அகலம். "என்னய்யா ஏற்பாடு இது? சோத்துக்கு ஓடைக்கரையில வந்து நிக்கணுமா?"

ராவுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இறைச்சிக் கடையில் ஆட்டைப் பார்க்கிற பார்வை. "ஐயா எம்புட்டு வெயிட்டு?"

"என்ன?"

"சண்ட அப்புறம் போடுவோம். பின்னாடி அந்த மூலையில ஏறி நில்லுங்க. அந்தரத்துல நிக்கிற சக்கரத்த ஒக்கார வைக்க ஒங்கள மாதிரி ஒரு ஆளு வேணும். மாப்பிள்ளைக்குப் பிரியாணி வேணுமா வேணாமா?"

மணம் அதற்குள் ஒரு பக்கம் மாவைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. தாய்மாமன் ஒருமுறை மூச்சை இழுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பின் பம்பரில் அவர் ஏறியதும் வண்டி பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. தரையைத் தொட்ட சக்கரம் கவ்வியது. சேறு பறந்தது, ஊர் கத்தியது, பானட்டில் முருங்கைக்காய்கள் ஆட, பின்னால் தாய்மாமன் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "விடாத பாய், விடாத!" என்று அலற, ஜீப் யானை எழுவதுபோல எழுந்து கரையேறியது.

மூடியைத் திறந்தபோது சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது. பந்தி நடந்தது. பிரியாணியைத் தானே கொண்டுவந்ததாகத் தாய்மாமன் இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனார். காப்பியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. முருகேசன் ராவுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராகு காலம் நெருங்கியது. சம்பந்தி வீட்டு வேன் அந்த ஓடையில் இறங்காது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் எல்லையைத் தாண்டினால் போதும், மற்றவர்கள் தண்ணீர் வடிந்ததும் வரலாம் என்று தாய்மாமனே தீர்ப்புச் சொன்னார். டேக்சா இருந்த இடத்தில் ஜமக்காளம் விரித்து மணமக்களை ஏற்றினோம். அரித்த இடத்தில் ஊர்க்காரர்கள் கல் போட்டுச் சரிசெய்திருந்தார்கள். ராவுத்தர் நினைத்தால் ஒரே மூச்சில் தாண்டியிருக்கலாம். ஆனால் வண்டி நடக்கிற வேகத்தில் இறங்கியது. ஓடையைத் தாண்டிய பிறகும், பாதை கெட்டியாக இருந்தும், அதே வேகத்தில்தான் போனது.

"மச்சான், வழி நல்லாத்தானே இருக்கு? மிதிங்க" என்றேன்.

அவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"சும்மா இருங்க மச்சான். பிள்ள இன்னும் ஊரத் திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்கு."