மூன்று தள்ளு

பழைய கம்ப்யூட்டர்களுக்குப் பெப்ரவரி இருபத்தொன்பது தெரியாதாம். கொழும்பில் வேலை பார்க்கும் என் பேரன் பெரிய அதிசயம்போலச் சொன்னான். இதில் என்ன இருக்கிறது, கம்ப்யூட்டரை நாங்கள் கண்ணால் காணும் முன்பே எனக்கும் அது தெரியாது.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம், நாற்பத்தெட்டு. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை. (தரை கூட்டுகிற வேலைதான். வெளியே சொல்வது 'மிசின் பார்க்கிறேன்'.) அங்கே ஆள் உயரத்தில் ஒரு கடிகாரம், மணியோடு தேதியும் காட்டும். அந்த மடையனுக்கு எல்லா மாதமும் முப்பத்தொரு நாள். அதனால் பெப்ரவரி இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் தேதிச் சக்கரத்தைக் கையால் மூன்று தள்ளி முப்பத்தொன்றில் நிறுத்த வேண்டும். விடிந்தால் ஒன்று வந்துவிடும்.

மூன்று வருடம் தள்ளினேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும் என்ற திமிர். நாலாவது வருடமும் தள்ளினேன். நாலு வருடத்துக்கு ஒரு தடவை பெப்ரவரிக்கு ஒரு நாள் கூடும் என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயா சொல்லித்தான் வைத்திருந்தார். சொல்லும்போது நான் அவர் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (நல்ல சப்பாத்து. நுவரெலியாவில் வாங்கியது. அது போகட்டும்.) ஐயா லீவில் போய்விட்டார். மற்றவர்கள் மணியை மட்டும்தான் பார்ப்பார்கள். தேதி பார்க்கும் பைத்தியம் நான் ஒருவன்.

அப்போது வட்டவளையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வீட்டில் என்னை வேண்டாம் என்றாயிற்று. இதுவும் போனால் இனி உன் பின்னால் அலைய மாட்டேன் என்றார் மாமா. பெண்ணின் அப்பா மார்ச் ஐந்து, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். கடிகாரம் ஐந்து காட்டிய அன்று வேட்டி கட்டினேன்.

"ஏன்டா, வெள்ளிக்கிழமைனுதானே சொன்னாங்க. இன்னைக்கு வியாழக்கிழமைல்ல?" என்றார் மாமா.

"கிழமையெல்லாம் ஆளுங்க வாயில வர்றது மாமா. மிசின் அஞ்சு காட்டுது. மிசின் பொய் சொல்லுமா?"

ஸ்டேசனில் வாங்கிய ரிட்டன் டிக்கெட்டில் நாலு என்று குத்தியிருந்தது. "பாருங்க மாமா, சம்பளம் வாங்குறானுங்க, தேதி மாத்தத் தெரியல" என்று சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சிரித்தேன்.

வட்டவளையில் லயத்தில் அவர்கள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் உட்கார்ந்தோம். வாழைப்பழத்தில் இரண்டைக் கோழி கொத்தியது. சாயங்காலம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அப்பாவும் மகளும் வந்தார்கள். அவள் முதுகில் கூடை, இடுப்பில் நனையாமல் கட்டிய படங்குச் சாக்கு, காலில் அட்டை கடித்த ரத்தம்.

"நாளைக்குல்ல வரச் சொன்னோம்" என்றார் அப்பா.

"இன்னைக்குத் தேதி அஞ்சுங்க. எங்க மிசின்ல பாத்துட்டுத்தான் வர்றேன்."

"நீங்க வந்த டிக்கெட்டைக் காட்டுங்க தம்பி."

காட்டினேன். வாங்கிப் பார்த்தார். கூடையை இறக்கிவிட்டு அவளும் பார்த்தாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "ஸ்டேசன்காரனுக்குத் தேதி தெரியலன்னியே, இவங்ககிட்டயும் சொல்லு."

மூன்றாவது வீடும் போயிற்று என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நில்லுங்க" என்றாள் அவள். பிறகு அப்பாவிடம், "நாளைக்கும் வர்றாரானு பாப்போம். இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மறுபடி வந்தா எனக்குச் சம்மதம். ஆனா வீட்டுக் காலண்டர்ல இவரு கை வைக்கக் கூடாது" என்றாள்.

மறுநாள் போனேன். அதே வேட்டி. மாமா மட்டும் இரண்டு ஸ்டேசனிலும் தேதி கேட்டுவிட்டுத்தான் நடந்தார்.

இன்றுவரை எங்கள் வீட்டில் நாள்தாளைக் கிழிப்பது அவள்தான். விருந்தாளி யாராவது சொன்ன நேரத்துக்கு முந்தி வந்தால், "மிசின் பாத்து வந்தீங்களா?" என்று கேட்பது பேரப்பிள்ளைகள்வரை வந்துவிட்டது. கம்ப்யூட்டரையெல்லாம் இப்போது சரிபண்ணிவிட்டார்கள் என்றான் பேரன்.

அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள். "அப்படியே உங்க தாத்தாவையும் அவங்ககிட்ட ஒருக்கா காட்டிப் பாருப்பா."