பஞ்சுவின் பின்பாலும் ஒரு நலம்விரும்பியும்

அனுமதிக் கடிதம் கேட்டு மெயில் வந்தபோது பஞ்சு, ராக்கெட் ரங்கையாவின் மூக்குக்குப் பின்னால் கடைசி பல்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

மும்பை செம்பூரில் மூன்றாவது மாடி வீடு. ஹாலில் பாதியை அந்த மெஷின் அடைத்துக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது. பின்பால் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடலாம். கண்ணாடி மூடிய சரிவான மேஜை. உள்ளே ஓர் எஃகுக் குண்டு உருண்டு வரும். இருபக்கமும் உள்ள பொத்தானை அமுக்கினால், கீழே இருக்கும் இரண்டு குட்டைக் கைகள் குண்டைத் தட்டி மேலே அனுப்பும். நடு இடுக்கில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பலகையை மட்டும் தாராவியில் அறுத்து வாங்கி, மற்றதெல்லாம் பஞ்சு தன் கையால் செய்தது. நாயகன்தான் இரவல். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை டிவியில் முதுகில் சிலிண்டரோடு பறந்த ராக்கெட் ரங்கையா. அவர் மூக்கில் குண்டு மோதினால் ஐந்நூறு பாயிண்ட், கண்ணும் சிமிட்டுவார்.

தாணேயில் நடக்கவிருந்த ‘நாமே செய்தது’ கண்காட்சிக்காரர்கள் எழுதியிருந்தார்கள்: ‘தங்கள் மெஷினில் உள்ள முகம், பெயர், இசை ஆகியவை பிறருக்குச் சொந்தமானவை என்று ஒரு நலம்விரும்பி தெரிவித்துள்ளார். உரிமையாளரின் கடிதம் இல்லாமல் மேஜை ஒதுக்க இயலாது.’

“நலம்விரும்பியாம்! குல்கர்னிதான். வேற யாரு?” என்று பஞ்சு கத்தினார்.

குல்கர்னி பில்டிங் செக்ரட்டரி. சரியாக இவர்கள் ஹாலுக்குக் கீழே படுப்பவர். தலைக்கு மேல் குண்டு உருள்கிறது என்று மூன்று முறை புகார் எழுதியவர்.

“யாரா இருந்தா என்ன? அந்த மூஞ்சியை எடுங்கோன்னு நாலு மாசமாச் சொல்றேன்,” என்றாள் ஷ்யாமளா சமையலறையிலிருந்து. “சாயந்தரம் விளக்கேத்தினா, சாமிக்கு முன்னாடி அவன் கண்ணடிக்கறான்.”

“ரங்கையா இந்த ஹாலை விட்டுப் போகமாட்டான். கேட்டியா?”

“கேட்டேன், கேட்டேன்.”

பஞ்சுவின் வீம்புக்குக் காரணம் இருந்தது. அணுசக்தி நகரில் முப்பத்துநாலு வருஷம் டெக்னீஷியன். அவர் செய்த கருவிகளைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்தன. எல்லாவற்றிலும் வேறு யாராவது ஒருவர் பெயர். கண்காட்சியில் ஒவ்வொரு மேஜை முன்னாலும் ‘செய்தவர்’ என்று அட்டை வைப்பார்கள். அதில் பி. பஞ்சாபகேசன் என்று எழுத அவர் புதுப் பேனாவே வாங்கியாகிவிட்டது. அந்த அட்டையை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எதிர் ஃப்ளாட் வந்தனாவைக் கூப்பிட்டார். ஃபோர்ட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் காப்பிரைட் விவகாரங்களே வேலையாக இருப்பவள். அவள் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“முகம் அவாளோடது மாமா. பேரும் அவாளோடது. பாட்டும் அவாளோடது.”

“அப்போ என்னோடது எது?”

“பிளைவுட்.”

அனுமதி கேட்கலாம் என்று உரிமையாளரைத் தேடினார்கள். மூன்று கம்பெனிகள் அகப்பட்டன. ஒன்று மூடியாயிற்று. ஒன்று பதிலே போடவில்லை. மூன்றாவது கம்பெனி, ‘ரங்கையா எங்களுடையவரா என்பதைத் தயவுசெய்து தாங்களே உறுதிசெய்து தெரிவிக்கவும்’ என்று எழுதியது.

“சங்கையான்னு மாத்திடட்டுமா?” என்று கேட்டார் பஞ்சு.

“ஒரு எழுத்தை மட்டும் மாத்தறது, திருடினேன்னு நாமே கையெழுத்துப் போட்டுக் குடுக்கற மாதிரி.”

சரி, ஆளையே மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. பஞ்சு தூரிகை எடுத்தார். மீசையை அழித்தார். முடியை வழித்தார். கண்ணாடி மாட்டினார். மூக்கைச் சற்று நீட்டினார். மூக்கு இடம் மாறியதால் பல்புக்குப் புதுத் துளை வேண்டும். தாராவிக்குப் போனார்.

ஷேக் பரீத் பட்டறையில் மரத்தூள் பறந்துகொண்டிருந்தது. தென்காசிப் பக்கத்து மனிதர். கடைசி ஆணியைக்கூட எண்ணிப் பார்த்து அடிப்பவர்.

“வாங்க சார். எத்தன பீஸு?”

“எப்பவும் போல ஒண்ணுதான், பரீத் பாய்.”

“எப்பவும் போல ஆறு போடுதேன். நம்ம கடையில ஒத்தப் பீஸு கெடயாதுல்லா சார். மிஷின ஒருக்கா செட் பண்ணிட்டா ஆறு அறுத்துருவோம். ஒண்ணு நீங்க கொண்டு போங்க, மிச்சம் கெடக்கட்டும்.”

அப்படித்தான் முதல் பலகைக்கும் அறுத்தார். மிச்ச ஐந்து என்ன ஆயின என்று பஞ்சு கேட்டதில்லை. வரைபடத்தை நீட்டினார். பரீத் பேனாவை நீட்டினார்.

“ஓகேன்னு எளுதி கையெழுத்துப் போடுங்க சார். எங்க வாப்பா காலத்துலருந்து சாம்பிள்னா அதான் ரூல்.”

பஞ்சு ஓகே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் கையெழுத்தை ஒருவர் கேட்டு வாங்குவது அவருக்குப் பிடித்திருந்தது. கேட்காமலே வயரிங் படத்தையும் விரித்து, எந்தச் சுருள் எந்தக் கையை இழுக்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அதிலும் ஓகே போட்டார்.

புது முகம் ஏறிய மூன்றாம் நாள் குல்கர்னி மேலே வந்தார். சத்தத்தைப் பற்றிப் பேச வந்தவர் மெஷினைப் பார்த்ததும் வந்த விஷயத்தை மறந்தார். வழுக்கை. கண்ணாடி. நீண்ட மூக்கு.

“பஞ்சு ஜீ, யே தோ மை ஹூன்!” இது நான்தானே என்று முகமெல்லாம் பூரித்துப் போயிற்று மனிதருக்கு. மனைவியை போனில் கூப்பிட்டுச் சொன்னார். செல்ஃபி எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார். குண்டு நேரே போய் மூக்கில் இடித்தது. மணி அடித்தது. ஐந்நூறு.

“நாக் பே?” மூக்கிலா என்று கேட்டார் குல்கர்னி, தன் மூக்கைத் தடவிக்கொண்டு. மறுபடி ஆடினார். மறுபடி மூக்கு. மூன்றாவது முறை மூக்கு சிவப்பாக எரிய, முகம் கண் சிமிட்டியது.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டியிருந்தது. செக்ரட்டரியின் முகத்தை அவர் சம்மதமில்லாமல் உபயோகித்து இழிவுபடுத்திய உறுப்பினர் மேல் பொதுக்குழுவில் நடவடிக்கை.

“செத்துப்போன சீரியல்காரன்னா தேவலை மாமா,” என்றாள் வந்தனா. “இவர் உயிரோட இருக்கார், கீழ் மாடியில.”

முகமே வேண்டாம் என்று பஞ்சு முடிவு செய்தார். கண்காட்சிக்குப் பதினோரு நாள் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத விஷயம் எது என்று தேடியவர் கண்ணில் சமையலறை பட்டது. ரங்கையா பறந்த இடத்தில் குக்கர் வந்தது. வில்லனின் கோட்டை கேஸ் அடுப்பாயிற்று. மூன்றாவது வரைபடம், மூன்றாவது ஓகே, இன்னும் ஆறு பலகை.

பாக்கி இருந்தது பாட்டு. ரங்கையாவின் இசையைத் தலைகீழாக ஓடவிட்டுப் பார்த்தார்.

“தலைகீழா நிறுத்தினாலும் அவாத்துக் குழந்தைதான்,” என்றாள் வந்தனா.

அன்று பால் பொங்கி வழிந்தது. ஷ்யாமளா பேசினாள். அடுப்பிலிருந்து ஆரம்பித்து, அடுப்பைப் பார்க்கச் சொல்லியும் பார்க்காத ஆளுக்கு வந்து, ஹாலில் நிற்கும் மேஜைக்குப் போய், மூச்சு விடாமல் பேசினாள். பஞ்சு பூனை மாதிரி போய் போனை எடுத்து, ரெக்கார்டிங்கைப் போட்டு, அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

நாலு நாளில் பழைய பலகையிலேயே எல்லாம் சேர்ந்துவிட்டது. குண்டு வேகமாகப் போனால் ஷ்யாமளா குரல், “மெதுவா, மெதுவா, என்ன அவசரம்?” என்றது. மேஜையை ஆட்டினால், “உடைச்சுட்டுத்தான் மறுவேலை!” என்றது. ஆயிரம் பாயிண்ட் எடுத்தால், “இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” குண்டு இடுக்கில் விழுந்தால், “போச்சா? எனக்குத் தெரியும்!”

வந்தனா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அற்புதம் மாமா. இதுக்கு யார்கிட்டயாவது பர்மிஷன் கேக்கணும்னா மாமிகிட்டதான் கேக்கணும்.”

பஞ்சுவும் சிரித்தார். ஷ்யாமளா சிரிக்கவில்லை. காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏன்னா, அந்த அட்டையில என் பேரும் வருமோ?”

“உன் பேரா? எதுக்கு?”

“குரல், ஷ்யாமளான்னு. மூலையில, சின்ன எழுத்துல போட்டாப் போறும்.”

“முப்பத்துநாலு வருஷம் நான் செஞ்சதுக்கெல்லாம் அடுத்தவா பேரு போட்டா. இது ஒண்ணுலயாவது என் பேரு தனியா இருக்கட்டுமே.”

“சரி,” என்றாள் ஷ்யாமளா.

அத்தோடு நிறுத்திக்கொண்டாள். மூன்று நிமிஷம் பேசவேண்டிய இடத்தில் அவள் ஒரு வார்த்தையில் நிறுத்தினால் வேறு கணவனாக இருந்தால் பயந்திருப்பான். பஞ்சு, விஷயம் தீர்ந்தது என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

மறுநாள் குக்கர் பலகையை வாங்கத் தாராவிக்குப் போனபோது அவளும் வந்தாள். பஞ்சு போனில் குரலைப் போட்டுக் காட்டினார். பரீத்தின் மனைவி ஆபிதா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“மாமி, இது ஒங்க கொரலா? எங்க, எம் முன்னால ஒருக்கா சொல்லுங்க!”

ஷ்யாமளா சொன்னாள். போனில் இருந்ததைவிட இரண்டு மடங்கு காரமாக இருந்தது. பட்டறையில் மரம் அறுக்கும் வாள் நின்றது. ஆட்கள் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம் ஆபிதாவிடம் பை தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று அவள் நாலு தடவை தாராவிக்குப் போய் வந்தாள். வீடு அமைதியாக இருந்தது. பஞ்சுவுக்கு வேலை மளமளவென்று நடந்தது.

சனிக்கிழமை காலை டெம்போ தாணே சேர்ந்தது. மேஜை எண் பதினொன்று. அதன்மேல் வெள்ளை அட்டை. ‘செய்தவர்’ என்று அச்சடித்து, பக்கத்தில் காலி இடம். பஞ்சு புதுப் பேனாவைத் திறந்தார்.

“ஏக் மினிட் அங்கிள்.” கழுத்தில் கண்காட்சி அடையாள அட்டை தொங்க ஒரு பெண் ஓடி வந்தாள். ஸ்மிதா என்று போட்டிருந்தது. “முகம் இல்லே, பாட்டு இல்லே, டீக் ஹை, அது சரி. குரல் யாரோடது?”

“என் ஆத்துக்காரியோடது.”

“ஆன்ட்டி லெட்டர்?”

“பெண்டாட்டி குரலுக்கு லெட்டரா? அவளே வந்திருக்காம்மா, கேட்டுக்கோ,” என்று பஞ்சு சிரித்தபடி திரும்பினார். ஷ்யாமளாவைக் காணோம்.

ஹாலின் அந்தக் கோடியிலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. “போச்சா? எனக்குத் தெரியும்!”

பஞ்சு தன் மெஷினைப் பார்த்தார். அதன் பிளக் அவர் கையில் இருந்தது.

மேஜை எண் நாலில் ஐந்து மெஷின்கள் வரிசையாக நின்றன. ஐந்திலும் குக்கர். ஐந்து முன்னாலும் குழந்தைகள் க்யூ. மேலே ஆளுயரப் பலகையில் ‘ஷ்யாமளா’ என்று சிவப்பு எழுத்து. பக்கத்தில் ஆபிதாவோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

“வந்தேளா?” என்றாள்.

“வாங்க சார்!” பரீத் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்க பேரும் போட்டிருக்கோம்லா, பாருங்க!”

பலகையின் மூலையில், சின்ன எழுத்தில் இருந்தது: ‘வரைபடம், பஞ்சு.’

“இது என் மெஷினோட காப்பி!” என்று பஞ்சு ஸ்மிதாவிடம் பாய்ந்தார்.

“இவங்ககிட்ட ரெண்டு லெட்டரும் இருக்கு அங்கிள். குரலுக்கு ஆன்ட்டி கையெழுத்து. டிராயிங்குக்கு உங்க ஓகே, உங்க கையெழுத்து. உங்ககிட்டதான் ஒண்ணும் இல்லே. அதோட, உங்களோடது டூப்ளிகேட்டுன்னு நேத்து மெயில் வேற வந்திருக்கு.”

“நலம்விரும்பியா? நன்னாத் தெரியும்! ரங்கையா மேல மெயில் போட்டவனும் அந்தக் குல்கர்னிதான், இதுவும் அவன்தான்!”

ஸ்மிதா போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“குல்கர்னியா? அப்படி யாரும் இல்லியே அங்கிள்... அந்த மெயிலும் சரி, நேத்து வந்ததும் சரி, ரெண்டுமே ஷ்யாமளா ஆன்ட்டிதான் அனுப்பியிருக்காங்க.”