பித்தளை எருமையும் பீற்றிஸின் கலியாணமும்

நாவற்குடா,
ஆவணி 1993.

அன்புள்ள மச்சான் பேர்னாட் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அக்கா மேர்சியும் மகள் பீற்றிஸும் உயிரோடிருக்கிறோம். 'நலம்' என்று எழுதக் கை வரவில்லை. இலண்டன் குளிரில் நீங்களாவது சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறோம்.

மச்சான், மருமகள் ஆசைப்படுகிறாள் என்று நீங்கள் அனுப்பும் 'பிராஸ் பஃபலோ' கோஷ்டியின் கசற்றுகளைப் பற்றித்தான் இக்கடிதம். பெயருக்குப் பித்தளை எருமை என்றுதான் நான் பொருள் கொள்கிறேன். முதல் அல்பத்தைப் பொறுத்தேன். இரண்டாவதில் மேளக்காரன் தனியே அடித்த அடியைக் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை ஷெல் விழுகிறதென்று பங்கருக்குள் இறங்கிவிட்டார். பாட்டு முடிந்தும் ஏறமாட்டேன் என்றவரை மேர்சி தேத்தண்ணி காட்டித்தான் மேலே எடுத்தாள். அதையும் பொறுத்தேன். மூன்றாவதுக்கு அந்த அறிவாளிகள் 'டைனமைற் பிறேக்பாஸ்ற்' என்று பேர் வைத்து, மட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்தும் விட்டார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

போன சனிக்கிழமை, பீற்றிஸ் படிப்பிக்கப் போகாத நாளென்று, அவளைப் பார்க்கக் களுவாஞ்சிக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. காலையில் கேக் வாங்க டவுணுக்குப் போனவன், தபால் கந்தோரில் கிடந்த உங்கள் பார்சலையும் எடுத்து வந்தேன். பாலத்தடிச் சென்றியில் அதைப் பிரித்த ஆமிக்காரன் 'டைனமைற்' என்று கண்டதும் துவக்கை நீட்டினான். என்னை முகாமுக்குள் கொண்டுபோய், ஏதும் இரகசியச் செய்தி இருக்கிறதா என்று பார்க்கக் கசற்றைப் போட்டார்கள். பாடகன் தொடங்கியதும் அதிகாரியின் நெற்றி சுருங்கியது.

"இந்த ஆளுக்கு யார் அடிக்கிறது?"

"ஒருத்தரும் அடிக்கல்ல சேர். அவராத்தான் கத்துறார்."

அந்தக் கட்டடத்துக்குள் ஒருவன் தானாகக் கத்துவான் என்று நம்ப அவருடைய அனுபவம் இடம் கொடுக்கவில்லை. வரிக்கு வரி அர்த்தம் கேட்டார்.

"பேபி, திரும்பி வா எண்டு கூப்பிடுறார் சேர்."

"பேபி எந்த ஊர்?"

"தெரியாது சேர்."

"எங்க போனது? யாரோட போனது?"

பேபியைக் காட்டிக் கொடுத்தால்தான் நான் வீடு போகலாம் என்று விளங்கிவிட்டது, மச்சான்.

மத்தியானமாகியும் என்னைக் காணாமல், ஆமி பிடித்ததைக் கேள்விப்பட்ட பீற்றிஸ் சாறியும் மல்லிகைப் பூவுமாக முகாம் வாசலுக்கே வந்துவிட்டாள். பின்னால் மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும். மாப்பிள்ளையின் தகப்பன் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்ரர்; நான் பேசுகிறேன் என்று வந்தவர், துவக்கைக் கண்டதும் செருமினார், அவ்வளவுதான். இதென்ன பாட்டென்று அதிகாரி கேட்க, என் மகள் முன்னுக்கு வந்தாள்.

"அது காதல் பாட்டு சேர். எனக்கு வரிக்கு வரி பாடம்."

"அப்ப பாடு" என்றார் அதிகாரி.

பாடினாள். கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடி, கடைசியில் ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், வாவிக்கரைக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, "போதும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் அந்த இடத்திலேயே முடிவு சொல்லிவிட்டா: "மகனுக்குத் தலையிடி வருத்தம் இரிக்கி. இந்தப் புள்ள நமக்குச் சரிவராது." கேக்கும் தின்னாமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது சைக்கிளை அவள்தான் வாங்கி உருட்டினாள்.

"கலியாணம் குழம்பிற்றே மகள்" என்றேன்.

"அந்த முகாமுக்குள்ள போன எல்லாரும் வெளியில வரல்ல அப்பா" என்றாள்.

ஆனபடியால் மச்சான், நல்லதொரு சம்பந்தத்தை முறித்த அந்த எருமைகள் இனி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. பிள்ளைகளுக்கு எங்கள் கொஞ்சல். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்திருப்பாவாக.

இப்படிக்கு,
அத்தான் வின்சன்ற்

பி.கு.: ஒட்ட முன் கடிதத்தை வாசித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. பார்சல் அன்றுதானே கைக்கு வந்தது, அந்தப் பாட்டு இவளுக்கு எப்படிப் பாடமாகும்? கூப்பிட்டுக் கேட்டேன். "நான் எங்க அதக் கேட்ட? வாயில வந்ததப் பாடினன். மெல்லமாப் பாடியிருந்தாலும் உங்கள விட்டிருப்பாங்க. கடைசியாக் கத்தினது மாப்பிள்ள வீட்டாக்களுக்கு" என்கிறாள். அந்த மாப்பிள்ளை அன்று வீட்டில் வந்து குந்தின உடனேயே, கலியாணத்துக்குப் பிறகு படிப்பிக்கப் போகத் தேவையில்லை என்று சொன்னாராம். ஆகவே எருமைகளைத் திட்டியதெல்லாம் வாபஸ். ஆனால் உங்கள் அக்காவுக்கு இது தெரியாது. பதில் எழுதும்போது நீங்களும் அந்த எருமைகளை நன்றாகத் திட்டி எழுதவும்.