ஏழு எண்ணினால் பச்சை

"விடுட்டி பெட்டிய!"

"விட மாட்டேன் மைனி. இதையும் குடுத்துட்டு நாளைக்கு எதுல மீன் கொண்டு—"

"எதுலயா? அந்தா பச்சை லைட்டு எரியுது, ஒனக்குக் கண்ணு தெரியலியா?"

"லைட்டு எரிஞ்சா மீன் நாறாதா?"

"நாறாதுன்னு டாக்டரே சொல்லுகாரு! நீ பெங்களூரு போயி நாலு எழுத்து படிச்சிட்டா—"

ஒரு பழைய நீல ஐஸ் பெட்டி. அதன் இந்தப் பக்கக் கைப்பிடி விக்டோரியாவிடம், அந்தப் பக்கக் கைப்பிடி அவள் நாத்தனார் பிரீனாவிடம். இடம், எங்கள் கரையின் சமூகக்கூடம்.

விக்டோரியா இருபத்தாறு வருடமாகக் கோட்டாறு தெருக்களில் வீடு வீடாக மீன் விற்கிறவள். நாளை அவளுடைய வாடிக்கை வீட்டில் நிச்சயதார்த்தம். நாற்பது பேருக்கு நெய்மீன். அதை ஐஸ் இல்லாமல் புதுப் பெட்டியில் கொண்டுபோவதென்று முடிவு கட்டியிருந்தாள். மீன் கெட்டால் நாற்பது வயிறும் கெடும், இருபத்தாறு வருடப் பெயரும் கெடும்.

அந்தப் புதுப் பெட்டியைப் பார்க்க வந்த கூட்டத்தைச் சொல்ல வேண்டும். வட்டக்கோட்டை போகிற சாலை வரைக்கும் வரிசை. 'ஐஸ் வேண்டாம்! கரண்ட் வேண்டாம்! கடலைக் காக்கும் ஸ்மார்ட் மீன்பெட்டி!' என்று முப்பது அடியில் பேனர். கடலைக் காக்கிற அந்த பேனர் மட்டும் அசல் பிளாஸ்டிக்.

மேடையில் டாக்டர் எபிசன். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டு நிற்கிற மனிதனிடம் அதற்கு மேல் என்ன அத்தாட்சி கேட்பது?

"தாய்மார்களே, இது வெறும் பெட்டி இல்லை. இன்டராக்‌ஷன் டிசைன் ஆராய்ச்சி! நீங்கள் பெட்டியைத் தொடுகிறீர்கள், பெட்டி உங்களைத் தொடுகிறது!"

பழக்கதோஷத்தில் ஒருத்தி "ஆமென்" என்றாள்.

மேடைக்குக் கீழே சோதித்துப் பார்க்க ஒரு பெட்டி. வரிசையில் வருகிற ஒவ்வொருத்தியும் தான் கொண்டுவந்த மீனை உள்ளே வைத்து மூடி, மேலே பதித்த கண்ணாடியில் உள்ளங்கையை வைக்க வேண்டும். பச்சை எரியும். உடனே உள்ளிருந்து ஒரு பெண்குரல் பேசும்: "புத்தம்புது மீன். வாழ்த்துகள்!" செத்த மீனுக்கு இப்படி ஒரு மரியாதையை எங்கள் கரை அதுவரை கண்டதில்லை.

பத்தியங்களும் உண்டு. வலது கைதான் வைக்க வேண்டும். மனதில் சந்தேகம் கூடாது, சந்தேகப்பட்டால் சென்சார் சோர்ந்துவிடும். முக்கியமாக, வெறும் பெட்டியில் கை வைக்கவே கூடாது. வைத்தால் சென்சார் குருடாகிவிடும். புது மருமகனுக்குக்கூட நாங்கள் இவ்வளவு பார்த்ததில்லை.

போன வாரமே வாங்கிவிட்ட ஷெர்லி எழுந்தாள். "டாக்டர், பெட்டி பச்சைதான் காட்டிச்சு. ஆனா நான் வித்த சாளை மீன அஞ்சு வீட்டுல திருப்பித் தூக்கி எறிஞ்சிட்டாவ."

"மூடும்போது சந்தேகப்பட்டீர்களா?"

ஷெர்லி தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்சம் பட்டேன் டாக்டர்."

"பார்த்தீர்களா!"

கூட்டம் ஷெர்லியைத்தான் முறைத்தது.

பணத்தோடு பழைய ஐஸ் பெட்டியையும் கொடுத்தால்தான் புதுப் பெட்டி. பழையவற்றை மார்த்தாண்டம் கொண்டுபோய் விஞ்ஞான முறைப்படி அழிப்பார்களாம். வாசலில் லோடு ஆட்டோ நின்றது. பாதி நிறைந்திருந்தது.

இந்த இடத்தில்தான் பிரீனா நீலப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அவளுக்குப் பெங்களூரில் வேலை. ஒரு பொருளைச் செய்யுமுன் அதைப் பயன்படுத்தப்போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்று பார்த்து எழுதுவாள். அதற்கும் பெயர் இன்டராக்‌ஷன் டிசைன் ஆராய்ச்சிதான். 'சும்மா பாத்துட்டு இருக்கதுக்குச் சம்பளமா?' என்று விக்டோரியா இன்றுவரை அதை வேலை என்று ஒத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து பிரீனா கடைசி வரிசையில் ஒரு நோட்டோடு அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"டாக்டர், எனக்கொரு சந்தேகம்."

"சந்தேகம் கூடாது."

"சரி, ஒரு ஆசைன்னு வெச்சுக்குங்க. ஷெர்லிக்கா, ஒங்க மீன வெச்சுக் கை வைங்க. நான் எண்ணுதேன்."

ஷெர்லி கை வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு."

பச்சை. "புத்தம்புது மீன். வாழ்த்துகள்!"

"இப்பம் நேத்தைக்கு மிஞ்சின மீன் ஆரு கையில இருக்கு?"

மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒருத்தி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். இந்தத் தடவை முன்வரிசையும் சேர்ந்து எண்ணியது. ஏழு. பச்சை. நாறுகிற மீனுக்கும் அதே வாழ்த்து.

"மீன எடுத்துருங்க. மைனி, வெறும் பெட்டியில ஒங்க கைய வையுங்க."

"குருடாயிரும்ட்டி!"

"குருடாச்சுன்னா ஒங்க ஐஸ் பெட்டிய நானே சுமந்து ஆட்டோவுல ஏத்துதேன்."

"அம்மா, வேண்டாம்! வாரண்டி போய்விடும்!" டாக்டர் மைக்கை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

விக்டோரியாவுக்கு சென்சார்மேல் பயம் இருந்தது. ஆனால் நாத்தனார் முன்னால் பயந்தவள் என்ற பேர் வாங்குவது அதைவிடப் பெரிய பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை வைத்தாள். கூடமே எண்ணியது.

"...அஞ்சு! ஆறு! ஏழு!"

பச்சை.

"புத்தம்புது மீன். வாழ்த்துகள்!" என்றது வெறும் பெட்டி.

பின்னாலிருந்து ஒரு குரல்: "நெய்மீனா அயிலையான்னு கேளுட்டி!"

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"அது... காற்றில் இருக்கிற மீன் வாசனையை..." என்று டாக்டர் ஆரம்பித்தார். ஷெர்லி சிரிக்கவில்லை. நேராக மேடையேறி, காலையிலிருந்து மீன் கெடாமல் இருக்கிறதென்று அவர் திறந்து திறந்து காட்டிய பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அடித்தட்டு கழன்றது. அதன் கீழிருந்து ஐஸ்கட்டிகள் உருண்டு கோட்டுக்காரர் காலடியில் விழுந்தன.

"ஐஸ் வேண்டாம்னு சொன்னீரே, இது என்னவே?"

"அது... பெட்டியின் வியர்வை."

"கட்டி கட்டியாவா வேர்க்கும்?"

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து ஆட்டோ டிரைவர் கத்தினார்: "சார், மார்த்தாண்டம் கடைக்காரரு போன்ல நிக்காரு! இன்னைக்கு விக்கதுக்கு எத்தனை ஐஸ் பெட்டி வருதுன்னு கேக்காரு!"

விஞ்ஞான முறை விளங்கிவிட்டது. பெண்கள் ஆட்டோவை நோக்கிப் போன வேகத்தில் வாசல் நிலை ஆடியது. பெட்டிகள் இறங்கின. கொடுத்த பணத்தை வாங்கும் வரை டாக்டரின் கோட்டை ஷெர்லி விடவில்லை. பணம் வந்த பிறகும் விடவில்லை. போலீஸ் வந்த பிறகுதான் விட்டாள்.

விக்டோரியா நீலப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏட்டி, காலைலயிருந்து அந்த நோட்டுல என்னத்தத்தான் எழுதின? ஏழு எண்ணுனதையா?"

"ஏழுங்கது பெறவு கண்டுபிடிச்சது மைனி. மொதல்ல எழுதினது வேற." பிரீனா நோட்டைப் பிரித்தாள். "பெட்டிய மூடதுக்கு முன்னால, கை வெச்சுப் பாத்த முப்பத்தி ரெண்டு பேரும் குனிஞ்சு மீன மோந்து பாத்திய. பதினோரு பேரு மொகம் சுளிச்சிய. பெறவு லைட்டப் பாத்துட்டுச் சிரிச்சிய."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். விக்டோரியா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்:

"அவன் ஏமாத்திட்டான்னு நாளைக்கு ஊரு பூரா சொல்லுவோம், சரி. நாறுது நாறுதுன்னு நம்ம மூக்கு சொல்லிச்சே மக்கா, அதைப் பொய்யின்னு சொன்னது அவனா, நாமளா?"