நிலுவையில் ஒரு காகிதப் படகு

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்து வணங்கும் அண்ணிக்கு,

உங்கள் ஒரே நாத்தனார் எழுதுவது. இங்கே நான், இவர், குழந்தை மூவரும் அவரவர் சக்திக்கு ஏற்ற அளவில் நலம். அங்கே நீங்களும் அண்ணனும் அண்ணனுடைய முதுகுவலியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் சொன்னால் நடுநடுவே யோசனை சொல்வீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

முதலில் ஒரு மானக்கேடான விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டு, "லீவுல குழந்தையை வெச்சுக்கிட்டு என்னதான் பண்றே?" என்று கேட்டபோது பின்னால் ஒரு குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டதே, "பரவாயில்லையே, குஷியாத்தான் இருக்கா" என்றுகூடச் சொன்னீர்களே, அது நம் குழந்தை இல்லை. டி.வி.யில் சோப்பு விளம்பரத்தில் வரும் குழந்தை. நான்தான் சத்தத்தைக் கூட்டினேன். நம் குழந்தை அந்த நேரத்தில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து என் மேல் புகார் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதே போனில் நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். "நீ பாவம், வேலைக்குப் போறவ. சனிக்கிழமை வந்து மிச்ச லீவுக்கு அவளை நான் கூட்டிட்டுப் போயிடறேன்." இதில் 'கூட்டிட்டுப் போயிடறேன்' கூட என்னைச் சுடவில்லை, அண்ணி. அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான் சுட்டது. சரி, குழந்தையையே கேட்போம் என்று, "அத்தை வீட்டுக்குப் போறியாடி?" என்றேன். ஒரே பிடியாக "மாட்டேன்" என்று என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். நாற்பது வயதில் பெற்ற பிள்ளை, ஐந்தரை வயதில் என்னை வீட்டுக்கு வந்த தரகர் மாதிரி நடத்துகிறாள். அவள் போய்விட்டால் நிம்மதியாக வேலை பார்க்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் எழுந்துபோய் அவள் துணிப்பையைப் பரண் மேல் தூக்கிப் போட்டேன். ஆக, சனிக்கிழமைக்குள் அவள் வாயால் 'போகமாட்டேன்' என்று வரவழைத்தாக வேண்டும். இந்த வாரம் நடந்தது முழுவதும் அதற்காகத்தான்.

விடுமுறை ஆரம்பித்தபோது நீங்கள் அனுப்பிய பட்டியலை நான் மதிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நாற்பத்திரண்டு விளையாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் போட்டோ, கடைசியில் உங்கள் மகன் ஆறு வயதில் ஐஸ் குச்சிகளால் கட்டிய பாலத்தின் படம். (அந்தப் பாலத்தை விடிய விடிய ஒட்டியது தான்தான் என்று அண்ணன் என்னிடம் சொன்னதை நான் இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.) அவ்வளவு முடியாது, எளிமையாக ஒரு நாளைக்கு இரண்டு போதும் என்று முடிவு செய்தேன். இங்கேதான் என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். நான் பார்க்கும் வேலை உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது. ஒவ்வொரு வேலைக்கும் பச்சை நிறத்தில் ஒரு சீட்டு. இடம், நேரம், செய்ய வேண்டியது, தேவையான சாமான், கடைசியில் வாடிக்கையாளர் கையெழுத்து. கையெழுத்து வாங்காத சீட்டில் சிவப்பு மையில் 'நிலுவை' என்று முத்திரை குத்தி மறுநாளைக்குத் தள்ளுவோம். மூன்று முத்திரை விழுந்தால் விவகாரம் மேனேஜரிடம் போகும். பதினேழு வருஷமாக இப்படியே வாழ்ந்தவளுக்கு வேறு எப்படி யோசிக்க வரும், சொல்லுங்கள். ஒரு சீட்டுப் புத்தகத்தையும் பழைய முத்திரை ஒன்றையும் வீட்டுக்கு எடுத்து வந்து, குழந்தையின் விடுமுறையையும் சீட்டுப் போட்டுவிட்டேன். வாடிக்கையாளர், குழந்தை. கையெழுத்துக்குப் பதில் பூனை வரைவாள். முத்திரையையும் அவள் கையிலேயே கொடுத்தேன், ஆசையாக இருக்கிறதே என்று. அதுதான் நான் செய்த தப்பு.

முதல் சீட்டு, இலை சேகரித்தல், வகைக்கு ஒன்று. நான் ஆபீஸ் போனில் இருந்தேன். அவள் கீழ்வீட்டு ரிட்டையர்டு தபால்காரர் வளர்க்கும் தொட்டிச் செடிகளில் போய் நேர்மையாக, வகைக்கு ஒன்றாகவே பறித்து வந்தாள். அதில் ஒரு செடிக்கு மொத்தமே ஒரு இலைதான் இருந்ததாம். மூன்று மாதமாக அவர் அதற்காகக் காத்திருந்தாராம். மனுஷன் திட்டவில்லை அண்ணி, அந்த வெறும் குச்சியோடு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்தது மாவு பிசைந்து பொம்மை செய்வது. ஒரு உருண்டை, அதன் பக்கவாட்டில் ஒரு தீப்பெட்டி. "இது யாருடி?" என்றேன். "நீதான்." "தீப்பெட்டி எதுக்கு?" "அது போன்." இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஜாடை அப்படியே இருக்கு" என்றார். மருந்துக்கடையில் மதியம்தான் டியூட்டி என்றால் காலையெல்லாம் இப்படித்தான் ஏதாவது பேசத் தோன்றும். மற்றதெல்லாம் நிலுவை. நான் "ஒரு நிமிஷம்மா" என்பேன், அவள் டப்பென்று ஒரு முத்திரை குத்துவாள். ஒரு கட்டத்தில் பதினோரு சீட்டு நிலுவையில் நின்றது. ஆபீஸில் ஐம்பது மெக்கானிக்குகளை வைத்துக்கொண்டு எனக்கு அவ்வளவு நிலுவை வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில். பதினெட்டுப் பேர் முகமும் திரையில். குழந்தை என் கைக்கு அடியில் புகுந்து கேமராவுக்கு நேராகத் தலையை நீட்டினாள்.

"அங்கிள், காகிதப் படகு மூணு தடவை நிலுவை ஆயிடுச்சு."

எங்கள் மேனேஜர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. பேனாவை எடுத்தார். "காரணம் என்னம்மா?"

"அம்மா ஒரு நிமிஷத்துல வரேன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

"போன செவ்வாக்கிழமை."

மற்றவர்கள் எல்லோரும் சிரிப்பை மறைக்க ஒரே சமயத்தில் மைக்கை அணைத்தார்கள். மேனேஜர் மட்டும், "மேடம், புதன்கிழமைக்குள்ள இதை முடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார். மனுஷன் விளையாடினாரா நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று மாலையே புதுச் சீட்டு எழுதினேன். இடம், எங்கள் மொட்டை மாடி. நேரம், புதன் மாலை நான்கு. செய்ய வேண்டியது, காகிதப் படகு கட்டித் தண்ணீரில் விடுதல். சாமான், பழைய செய்தித்தாள், வாளி, துண்டு. பழக்கதோஷத்தில் விலாசத்தையும் கதவு எண்ணோடு முழுசாக எழுதித் தொலைத்தேன்.

இப்போது 'சொன்னபடி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியிலேயே மூத்த மெக்கானிக். சீட்டில் எழுதியதற்கு மேலே ஒரு திருகாணி முடுக்கமாட்டார், கீழேயும் ஒன்றை விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். எங்கள் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போவார். நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் காலையில் வாசலில் வந்து அன்றைய சீட்டுகளை வாங்கிக்கொள்வார். புதன்கிழமை காலை அவர் வந்தபோது நான் போனில். மேஜையைக் கண்ணால் காட்டினேன். குழந்தை ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் ஒரே பச்சை, நான் வேறு ஆபீஸ் கட்டையும் வீட்டுக் கட்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சிருந்தேன். படகுச் சீட்டு அவரோட போயிடுச்சு. அதுக்குப் பதிலா பல் டாக்டர் கிளினிக் லிஃப்ட் சீட்டு ஒண்ணு வீட்டுலயே தங்கிடுச்சு.

பத்து மணிக்கு உள்ளறையிலிருந்து டமார் டமார்னு சத்தம். போனைப் பொத்திக்கிட்டு எட்டிப் பார்க்கிறேன், இவர் கையில் சீட்டு, குழந்தை கையில் பீரோ கதவு. "பதினாலு... பதினஞ்சு..." என்று இவர் எண்ணுகிறார். "என்ன நடக்குது இங்க?" என்றேன். "நீதானே எழுதியிருக்கே, கதவு தடையில்லாமல் திறந்து மூடுகிறதா என இருபது முறை சோதிக்கவும்னு. நல்ல ஐடியா. கைக்கு நல்ல பயிற்சி" என்றார். எனக்கு மறுமுனையில் ஒரு ஆஸ்பத்திரிக்காரர் கத்திக்கொண்டிருந்தார், சீட்டை வாங்கிப் பார்க்கத் தோன்றவில்லை. குழந்தையோ, "அம்மா, இதுவரைக்கும் நீ போட்டதுலயே இதான் சூப்பர்" என்று சொல்லி, முதல்முறையாகச் சந்தோஷமாகப் பூனை வரைந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதியம், மெக்கானிக்குகள் முடித்துக் கொடுத்திருந்த முந்தின நாள் சீட்டுகளைப் படம் பிடித்து ஆபீஸுக்கு அனுப்பும்போது கலங்கிய அதே கண்ணோடு அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

நாலு மணி. காலிங்பெல். வாசலில் சொன்னபடி. ஒரு கையில் வாளி, கக்கத்தில் செய்தித்தாள் கட்டு, தோளில் துண்டு.

"மொட்டை மாடிக்கு எப்படிப் போகணும் மேடம்?"

"ஐயோ, அந்தச் சீட்டு தப்பா வந்துடுச்சுங்க. அது குழந்தைக்கு எழுதினது."

"வாடிக்கையாளர் பாப்பாதான்னு போட்டிருக்கு. பாப்பா இருக்குதா?"

பாப்பா ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

அண்ணி, அந்த மனுஷன் மடிச்ச படகை நீங்க பார்க்கணும். ஓரத்தை நகத்தால நீவி, மூலைக்கு மூலை சரிபார்த்து, ஒவ்வொண்ணையும் தண்ணில விடறதுக்கு முன்னாடி, "பாரம் எத்தனை பேர்?" என்று குழந்தையைக் கேட்டார். "நாலு எறும்பு" என்றாள். "நாலு தாங்கும். அஞ்சாவது ஏறினா நான் பொறுப்பில்லை" என்றார். வாளியிலிருந்து தண்ணீர்த் தொட்டி ஓரத்து வாய்க்காலுக்குப் படகுகள் இறங்கின, வாய்க்காலிலிருந்து நான் நின்ற இடத்துக்குத் தண்ணீர் வந்தது. நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நிற்கிறேன், அதே போனில் மேனேஜர்.

"மேடம், பல் டாக்டர் கிளினிக் லிஃப்ட் கதவு இன்னும் மூட மாட்டேங்குதாம். எல்லாரும் ஆறு மாடி ஏறிப்போய்ப் பல்லு புடுங்கிக்கிறாங்களாம். ஆனா வேலை முடிஞ்சதா சீட்டு வந்திருக்கு. கையெழுத்து இடத்துல பூனை இருக்கு."

"டாக்டருங்க கையெழுத்து அப்படித்தானே சார் இருக்கும்."

"மீசையோட இருக்கு மேடம்."

அதற்கு மேல் தாங்கவில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். "அப்போ படகு முடிஞ்சுதா?" என்றார். "ஓடிட்டு இருக்கு சார்." "அதை முடிச்சு கையெழுத்து வாங்கிட்டு அவரைக் கிளினிக்குக்கு அனுப்புங்க" என்று வைத்துவிட்டார். நானும் போனை வைத்தேன். எங்கே தெரியுமா, மாடியில் துவைக்கிற கல் மேல் இருந்த மூடி போட்ட சோப்பு டப்பாவுக்குள். பிறகு உட்கார்ந்துவிட்டேன், அந்தத் தண்ணீரிலேயே, புடவையோடு. எழுந்தபோது மணி ஐந்தேகால். சொன்னபடி அதற்குள் சீட்டின் கடைசிக் கட்டத்தில், 'வாளி சிறியது, மாற்ற வேண்டும்' என்று எழுதிப் பூனையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். இரவுக்குள் கிளினிக் கதவையும் சரிசெய்துவிட்டாராம்.

படியிறங்கும்போது குழந்தை கேட்டாள். "அம்மா, அத்தை வீட்டுல சீட்டு உண்டா?"

"இல்லம்மா. அத்தை எல்லாத்தையும் சொன்ன நேரத்துக்குச் செஞ்சுடுவாங்க."

"நிலுவையே வராதா?"

"வரவே வராது."

நாலு படி யோசித்தாள். "அப்போ நான் யார் மேல புகார் குடுக்கறது? நான் போகலை."

என் குறையே எனக்கு வக்கீலாக வந்து கேஸை ஜெயித்துக் கொடுத்துவிட்டது, அண்ணி. அதனால் சனிக்கிழமை நீங்கள் சிரமப்பட வேண்டாம். கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். மீதமிருக்கும் பன்னிரண்டு நாளுக்கும் நானே பொறுப்பு. நாளைக்கு ஒரே சீட்டுதான், அதையும் அவளே எழுதுவாள். நாளைய சீட்டில் 'சும்மா' என்று இருக்கிறது. தேவையான சாமான், அம்மா. மேனேஜரிடம் பாதி நாள் லீவும் கேட்டு வாங்கிவிட்டேன். இனி யாரும் என்னைப் 'பாவம்' என்று சொல்ல முடியாது. இதைக் கூரியரில் போடுகிறேன், நாளை கைக்கு வந்துவிடும்.

அண்ணனுக்கு என் வணக்கத்தையும், அவர் முதுகுக்கு என் அனுதாபத்தையும் சொல்லுங்கள். பாலம் கட்டிய உங்கள் மகனுக்கு என் ஆசி. உங்களுக்கு நீண்ட ஆயுளும், யோசனை சொல்வதற்கு என்னைவிடப் பணிவான ஆளும் கிடைக்க வேண்டுகிறேன்.

உங்கள் பாதி சொல்பேச்சுக் கேட்கும்
நாத்தனார்

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது குழந்தையின் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார், உடம்பு ஏதும் சரியில்லையா என்று. பள்ளி திங்கட்கிழமையே திறந்துவிட்டதாம், இன்று வியாழன். நான் தேதி போட்டது போன வருஷச் சுற்றறிக்கையைப் பார்த்து. இவரைக் கேட்டால், "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, ஆனா தேதி நேரமெல்லாம் உன் டிபார்ட்மென்ட்டாச்சே" என்கிறார். குழந்தையைக் கேட்டேன். தெருவில் பள்ளி வேன் போனதைப் பார்த்து அவளுக்குத் திங்கட்கிழமையே தெரியுமாம்.